ஆனை துரத்தாமல் ஓடியது

2025.02.11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20 மணி.

பெயர்: இப்றாஹிம் அப்துல் றவூப். வயது: 58. தொழில்: அரிசி மொத்த வியாபாரம். முகவரி: காத்தான்குடி, மகள் இர்ஷானாவின் வளவில் பின்வீடு.

கடந்த 09ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியளவில், பழுகாமத்துக்கு மேற்கே உள்ள நெல்வயல் வட்டையில் நான் காரணமில்லாமல் ஓடியதைக் கண்டு, ஆனை வருகிறது என்று நினைத்து, அந்த ஊர் விவசாயி தங்கராசா, வயது 63, தனது வயலின் காவல் பரணிலிருந்து குதித்து இடது கால் முறிந்தார். அங்கே ஆனை இருக்கவில்லை. நான் இதை மறுக்கவில்லை. அவருடைய மனைவி அன்னப்பூரணி கொடுத்த முறைப்பாட்டின் பேரில் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் பின்வருமாறு கூறுகிறேன்.

மேலே "காரணமில்லாமல்" என்று இருப்பதை மாற்றச் சொல்லிக் கேட்டேன். முறைப்பாட்டில் அப்படித்தான் இருக்கிறது, காரணத்தைக் கீழே சொல்லுங்கள் என்று சார்ஜன் கூறியதால் சொல்கிறேன்.

நான் பதினான்கு வயதில் சைக்கிளில் அரிசி மூட்டை கட்டி வீடு வீடாக விற்கத் தொடங்கியவன். இப்போது ஒரு மொத்தக் கடையும் இரண்டு லொறிகளும் இருக்கின்றன. என் மனைவி கைறுன்னிஸா 2022 ஓகஸ்ட்டில் மௌத்தானார். எங்கள் ஊர் வழக்கப்படி, கட்டிய மாடி வீட்டை மகளின் கலியாணத்துக்கு அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் உயிரோடு இருந்தபோதே நாங்கள் இருவரும் அதே வளவில் இரண்டு அறைகள் கட்டிப் பின்னால் போயிருந்தோம். மகளும் மருமகனும் இப்போது கட்டாரில் இருக்கிறார்கள். மாடி வீடு பூட்டிக் கிடக்கிறது. திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே இருங்களன் வாப்பா என்று மகள் பல தடவை சொல்லியிருக்கிறாள். கொடுத்த வீட்டில் நான் படுப்பதில்லை.

அதன்பின் 2023 மே மாதம் எனக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிய வந்தது. வெறுவயிற்றில் 268. மகள் என் தொலைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வெள்ளைக்காரர் பேசுவார், அடியில் தமிழில் எழுத்து ஓடும். நெல் விதைக்கத் தெரியாத காலத்து மனிதன் எப்படி இருந்தானோ அப்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இறைச்சி, மீன், முட்டை, கீரை, கிழங்கு, காய் சாப்பிடலாம். சோறு, பாண், சீனி தொடக் கூடாது. இருட்டியதும் படுக்க வேண்டும். பாரம் தூக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்கள் உயிர் போகிற வேகத்தில் ஓட வேண்டும். இருபது விநாடி ஓட்டம், ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும் நடை, அப்படி எட்டுத் தடவை. நான் எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவன் இல்லை. மூன்று மாதம் செய்து பார்த்தேன், பிறகு இரத்தம் சோதித்தேன், 131க்கு வந்திருந்தது. அதன்பின் விடவில்லை.

அரிசிக் கடையில் இருந்துகொண்டு அவித்த முட்டை தின்பதில் சிரமம் இருந்தது. என் கடையில் மூட்டை இறக்கும் றமீஸ் ஒருநாள் வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே, "முதலாளியே தின்னாத அரிசிய நாங்க ஆருக்குச் சொல்லி விக்கிற?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டைப் பின்வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். கலியாண வீடுகளுக்கும் போவதை நிறுத்தினேன். எங்கள் ஊரில் சஹன் என்ற பெரிய தட்டில் சோறு வைத்து ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். அதில் ஒருவன் சோற்றைத் தொடாமல் இறைச்சியை மட்டும் எடுத்தால் அது மற்றவர்களுடைய பங்கு. சும்மா கை நனைக்காமல் இருந்தாலும் மற்றவர்களுக்கு இறங்காது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாவது தடவை காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது காய்ச்சலா என்று யாரும் கேட்பதில்லை.

ஓட்டத்தை முதலில் காத்தான்குடிக் கடற்கரையில்தான் தொடங்கினேன். அங்கே காலையில் நடப்பவர்கள், "றவூப் காக்கா, ஆரு துரத்துற? சொல்லுங்க, நாங்க பிடிச்சித் தாறம்" என்று பகடி பண்ணினார்கள். ஆகவே என்னை அறியாத இடமாகப் பார்த்து, பட்டிருப்புப் பாலம் கடந்து போகும் மேற்படி வட்டையைத் தெரிவு செய்தேன். அங்கே வாய்க்கால் கட்டு அரைக் கிலோமீற்றர் வளைவில்லாமல் போகிறது. கார்த்திகையிலிருந்து புதனும் ஞாயிறும் காலையில் வந்துபோகிறேன். மோட்டார் சைக்கிளை மதகடியில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுவேன். மற்ற நாட்களில் நான் ஓடியபோது தங்கராசா ஏன் என்னைக் காணவில்லை என்று சார்ஜன் கேட்டார். கதிர் முற்றத் தொடங்கிய பிறகுதான் அவர் பரணில் இரவைக் கழிக்கத் தொடங்கினார் என்று இப்போது அறிகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னால் ஒரு மிருகம் வருவதாக நினைத்துக்கொண்டு ஓட வேண்டும், இடையில் திரும்பிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் முழு வேகம் வரும் என்று அந்த வீடியோவில் சொல்லியிருந்தது. எனக்கு மிருகம் எதுவும் நினைப்பில் வரவில்லை. இரவில் தனியே போய்த் திறக்கிற பின்வீட்டுக் கதவை நினைத்தேன். வேகம் வந்தது.

சம்பவ தினம் பனிமூட்டம் இருந்தது. நான் நான்கு ஓட்டம் முடித்து, ஐந்தாவதில் வழமைபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடினேன். அப்போது வலப்பக்கம் மருத மரத்தோடு கட்டியிருந்த பரணிலிருந்து, "ஆனை! ஆனை!" என்று ஒருவர் கத்தினார், அதன்பின் ஆனை வெடி ஒன்றும் வெடித்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் விடியற்காலையில் ஒருவன் வெறுங்காலோடு பின்னால் பார்த்துப் பார்த்து ஓடினால் ஒன்றைத்தான் நினைப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துத்தான் கத்துகிறார் என்பதும் எனக்குத் தெரியாது. உண்மையாகவே ஆனை வந்துவிட்டது என்று நம்பினேன். இருபது விநாடி முடிந்ததும் கைக்கடிகாரம் கூவியது, நான் நிற்கவில்லை. உயரமான இடம் அது ஒன்றுதான் என்பதால் பரணை நோக்கியே ஓடினேன்.

நான் ஆனையைத் தன் பக்கம் கொண்டுவருவதாகத் தங்கராசா நினைத்திருக்கிறார். போன வருடம் அடுத்த வட்டையில் ஆனை ஒரு பரணைத் தள்ளி விழுத்தியிருந்ததால், அவர் மேலே நிற்கப் பயந்து குதித்தார். கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவரைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நெல்லுக்குள் படுக்க வைத்து, பக்கத்தில் நானும் படுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மூச்சுக் காட்டாமல் ஆனைக்காகக் காத்திருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். ஒன்றும் வரவில்லை. அதன்பின் அவர் மெதுவாக, "ஆனை எங்க?" என்று கேட்டார்.

"நீங்கதான சத்தம் போட்டீங்க" என்றேன்.

"நீங்கதான ஓடினீங்க" என்றார்.

பிறகும் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுத்தான் எழும்பினோம்.

என் கடிகாரம் நெஞ்சுத் துடிப்பை எழுதி வைக்கும். அதைச் சாட்சியாகச் சார்ஜனிடம் காட்டினேன். 6.07க்கு 168 இருக்கிறது. 6.17க்கு 84. நான் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, ஓட்டம் முடிந்து கால் மணித்தியாலத்துக்குள் அது ஒரு தடவையும் நூறுக்குக் கீழே இறங்கியதில்லை. ஆனைக்குப் பயந்து படுத்திருந்த நேரத்தில் எப்படி இறங்கியது என்று சார்ஜன் கேட்டார். தெரியாது என்றேன்.

அதன்பின் றமீஸுக்குத் தொலைபேசி எடுத்து லொறியை வரவழைத்து, தங்கராசாவை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றேன். காலுக்குத் தகடு வைத்தார்கள். இரண்டு மாதம் ஊன்றக் கூடாது என்றார்கள். வார்டுக்கு வந்த அன்னப்பூரணி என்னிடம், "ஆனையும் வரல்ல, கள்ளனும் வரல்ல. பிறகு என்னத்துக்கு ஓடின நீங்க?" என்று கேட்டார். உடம்புக்கு என்றேன். "இந்த மனிசன் இருபத்தஞ்சு வருசமாப் பரண்ல முழிச்சிருக்கிறாரு. அவர்ர உடம்பு கேட்டா நீங்க ஓடின?" என்றார். செலவு முழுவதையும் ஏற்கிறேன் என்று சொன்னதற்கு, "காசு பரண்ல ஏறிக் குந்துமா?" என்று கேட்டார்.

அவருடைய பிரச்சினை நியாயமானது. தங்கராசாவுக்கு அங்கே மூன்று ஏக்கர் நெல் முற்றி நிற்கிறது. அறுவடைக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த நாட்களில் இரவுக்கு இரவு ஆள் இருக்காவிட்டால் ஆனை வந்து ஒரே இரவில் முடித்துவிடும். மகள் ஆர்த்திகா கதிரவெளியில் கைக்குழந்தையோடு இருக்கிறார். வேறு பிள்ளைகள் இல்லை. பக்கத்து வயல்காரர்கள் தங்கள் தங்கள் பரணில் இருக்கிறார்கள். நான் கூலிக்கு ஆள் தேடினேன். மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் பிறருடைய நெல்லுக்காக ஆனைக்கு முன்னால் இருக்க மாட்டோம் என்றார்கள். ஞாயிறு இரவும் திங்கள் இரவும் அன்னப்பூரணி தனியாகப் பரணில் இருந்திருக்கிறார். திங்கள் இரவு உண்மையாகவே ஆனை வந்து பக்கத்து வயலில் கால் ஏக்கரை மிதித்துவிட்டுப் போனது. இன்று காலை அவர் நேரே பரணிலிருந்துதான் இந்த நிலையத்துக்கு வந்தார். அவருடைய சேலையில் வெடிமருந்து மணம் இருந்தது.

போன போகத்தில் ஈரம் என்று சொல்லி, அவர்களுடைய நெல்லில் மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்து வாங்கியது என் கடை என்பதை அன்னப்பூரணி இங்கே வைத்துச் சொன்னார். அது உண்மை. ஈரம் இருந்தது. இரண்டு கிலோவுக்கு இருக்கவில்லை.

அதன்பின் நான் பொறுப்பதிகாரிக்கு முன்னால், அறுவடை வரைக்கும் நானே பரணில் இருக்கிறேன் என்று சொன்னேன். அன்னப்பூரணி நம்பவில்லை. "அரிசி முதலாளி ரெண்டு நாள் இருப்பாரு, மூணாம் நாள் கொசு கடிக்குது எண்டுவாரு" என்றார். வைத்தியசாலையிலிருந்த தங்கராசாவைத் தொலைபேசியில் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம்.

"முதலாளி, வெடி கொளுத்தத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணன்."

"இரவையில முழிச்சிருப்பீங்களா?"

நான் இரண்டரை வருடமாக அப்படித்தான் என்றேன். இருட்டியதும் படுக்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர் சொல்வதில் அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

"ஆனை வந்தா ஓடுவீங்களா?"

"ஓட மாட்டன்."

"ஓடுங்க" என்றார். "ஆனா அது வந்ததுக்குப் பிறகு ஓடுங்க, முதல்ல ஓடிராதீங்க." அன்னப்பூரணி அப்போதுதான் சிரித்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதுவரை சொன்னவற்றில் கூட்டியது எதுவும் இல்லை, எனக்குப் பாதகமானதையும் மறைக்கவில்லை. எழுதியதைச் சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார், என் பேச்சாகவே இருக்கிறது. இரு பகுதியாரும் இணங்கிய நிபந்தனைகள் வருமாறு.

இன்று மாலை முதல் அறுவடை முடியும் நாள் வரைக்கும், ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை தங்கராசாவின் பரணில் நான் காவல் இருப்பேன், பகலில் கடையை றமீஸ் பார்ப்பார். தங்கராசா நடக்கும் வரைக்கும் மருந்துச் செலவு என்னுடையது. அந்த நெல்லை நானோ எனக்காக வேறொருவரோ வாங்கக் கூடாது. அதற்கு நான் சற்று நேரம் எடுத்துத்தான் சம்மதித்தேன், இந்த முறை அந்த வட்டையில் நல்ல நெல். அறுவடை வரைக்கும் அங்கே ஓட மாட்டேன். அறுத்த பிறகு ஓடலாம், ஆனால் தொடங்கும் முன் வாய்க்கால் கட்டில் நின்று, "ஆனை இல்ல, றவூப்தான் ஓடுறன்" என்று மூன்று தடவை சத்தமிட வேண்டும்.

சாப்பாட்டு விடயத்தில் இணக்கம் வர நேரம் எடுத்தது. காவல்காரனுக்கு வயல்காரர் வீட்டுச் சோறு போட வேண்டும், அதைத் தின்னாதவன் காவல் இருந்தால் வயலுக்குக் கூடாது என்று அன்னப்பூரணி சொன்னார். நான் சீனி வருத்தத்தைச் சொன்னேன். அவர் மூன்று அகப்பையில் தொடங்கினார், நான் வேண்டாம் என்பதில் தொடங்கினேன். ஒரு அகப்பைச் சோறு, மிச்சம் கீரையும் வாவி மீனும் என்பதில் முடிந்தது. அதைக் காலையில் பரணால் இறங்கியதும் சாப்பிட வேண்டும், அடுத்த மாதம் நோன்பு பிறந்ததும் மாலையில் நோன்பு திறக்கிற நேரத்துக்கு அது மாறும், அந்த நாட்களில் சாப்பிட்ட பிறகு பரணில் ஏறினால் போதும் என்று, நான் கேட்காமலே அவர் சேர்த்துக்கொண்டார்.

சாப்பாட்டை ஒரு பாத்திரத்தில் கட்டிப் பரணுக்கு அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் வசதி என்றேன். அது ஏலாது, நாளை மறுநாள் வீட்டுக்கு வரும் தங்கராசாவோடு ஒன்றாக இருந்துதான் சாப்பிட வேண்டும், தனியே சாப்பிடக் கூடாது என்றார். அதில் நான் பேரம் பேசவில்லை.

(ஒப்பம்) இ. அ. றவூப்