நாலு சரி, அஞ்சு ஆகல்ல

அக்கரைப்பற்று பஸ் கல்முனையிலேயே நிரம்பிவிட்டது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன். பக்கத்து இருக்கையில் இரண்டு பேர். இளையவர் நகத்தைக் கடித்துக்கொண்டே, மூத்தவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று அழைத்துச் சொன்னார்:

“நாலு வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்ல நானா. அஞ்சுதான் ஆகல்ல.”

முன் இருக்கையில் முக்காடிட்ட ஒரு தாய், யாரோ ஒரு பையனின் உம்மா, கலியாணக் கணக்கென்று நினைத்தாரோ என்னவோ, வெடுக்கென்று திரும்பி முறைத்தார்.

“என்ன அஞ்சு?” என்றார் மூத்தவர்.

“பேர்ள் நானா, புரோகிராம் எழுதுற மொழி. நான் எழுதினது நாலாம் வேர்ஷன்ல. கொழும்புல சேர்வர்க்காரன் வியாழக்கிழமை செல்லாமக் கொள்ளாம அஞ்சப் போட்டுட்டான்.”

“அதால என்ன?”

“கட்டார்ல இரிக்கிற நம்மட ஆக்கள் இண்டர்நெட்ல எழுதுற கடிதம் அந்தப் புரோகிராமாலதான் எனக்கு வரும். நான் பிரிண்ட் எடுத்து வீடு வீடாக் குடுப்பன். புரோகிராமுக்குள்ள என்ட ஈமெயில் விலாசம் இரிக்கி, அதுக்கு நடுவுல ஒரு சுழி வருமே, நாலு அத சும்மா எழுத்தெண்டு விட்டுச்சு. அஞ்சு அதக் கண்டதும் முழுப் புரோகிராமையும் நிப்பாட்டிட்டு.”

“சரியாக்கல்லியா?”

“சரியாக்கிட்டன், சுழிக்கு முன்னால ஒரு சாய்ஞ்ச கோடு போட்டாச் சரி. இண்டைக்கு விடியத்தான் கண்டுபிடிச்சன், போட்டுட்டன். ஆனா வியாழனிலிருந்து எழுதின ஒண்டும் வந்து சேரல்ல. அங்க இங்கிலீசுல பிழையெண்டு ஒரு வெள்ளைப் பக்கம் வந்திரிக்கும். அது வெளங்காம, கடிதம் போயிட்டெண்டு நெனச்சிருப்பானுகள். ஆர் எழுதினதெண்டும் தெரியா. கடிதம் வந்திச்சா எண்டு கேட்ட வீட்டுக்கெல்லாம் நான், மகன் எழுதல்ல எண்டு செல்லிட்டன் நானா.”

உம்மா மறுபடி திரும்பினார். இப்போது முறைக்கவில்லை.

“தம்பி, அப்ப என்ட மகன் எழுதியிருப்பான், என்ன?”