எமிலியானுஸ் அண்ணையின் கண்ணும் எங்கள் பழியும்

அவைக்குத் தலைமை தாங்கும் அரியநாயகம் ஐயா அவர்களே, அலையோடு மல்லாடி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனதில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, கதிரை போதாமல் மணலில் குந்தியிருக்கும் தோழர்களே!

வாசிகசாலையின் ஆண்டு விழாவில் வாசிப்பின் பெருமையைப் பேசு என்றீர்கள். பேச மாட்டேன். வாசிக்க முடியாமற்போன ஒரு மனிதருக்கு இந்த ஊர் இழைத்த சிறுமையைப் பேசப்போகிறேன். பிடிக்காவிட்டால், போட்ட மாலையை இப்போதே கழற்றித் தருகிறேன்.

எமிலியானுஸ் அண்ணையை அறியாதவர் இங்கே உண்டா? விடிந்தால் வலை, பொழுதுபட்டால் புத்தகம். இருபத்திரண்டு வருடமாகத் தபசுகாலத்தில் எங்கள் கோயிலில் பசாம் வாசித்தவர். ஆண்டவர் பட்ட பாடுகளை அந்தக் குரல் இழுத்து வாசிக்கையில் அழாத கண் எது? அசைந்த தலை எது?

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று நடு வாசிப்பில் அந்தக் குரல் நின்றது. அண்ணை பக்கத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். மறுபடி பார்த்தார். வாய் திறக்கவில்லை. ஊர் என்ன சொன்னது? "சாவான பாவத்தை மறைச்சுக்கொண்டு பசாம் புத்தகத்தைத் தொட்டால் வாய் கட்டுப்படும்" என்றது! ஒருவர், "வள்ளத்தில கள்ளச்சாமான் ஏத்தியிருப்பார்" என்றார். இன்னொருவர், "மன்னாரில வேற குடும்பமாம்" என்றார். அண்ணை கோயிலை விட்டு வெளியேறும்போது கதவு நிலையில் வலத்தோளை இடித்தார்; அதற்கு, "குடிச்சிட்டார்" என்றார்கள்.

ஓம், இன்னாசித்தம்பி அண்ணை, சிரியுங்கோ. நீங்கள் சொன்னது எதுவென்று நான் சொல்லவில்லையே!

உயிர்த்த ஞாயிறு கழிந்து அவருடைய மகள் மாக்கிறேற்றுக்குக் கலியாணம் வைத்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் றோஸ் அக்கா நாளைத் தள்ளிவைத்தா. தகப்பன் பாவியானால் மகள் என்ன செய்வாள்? அண்ணை மனம் பொறுக்காமல் றோஸ் அக்காவுக்குக் கடிதம் எழுதினார். உறையின் மேல் விலாசம் முத்துப்போன்ற எழுத்து, ஒரு பிழையில்லை. அதுவே அவருக்கு வினையானது. "எழுதத் தெரிஞ்சவருக்கு வாசிக்கத் தெரியாதோ? முழு நடிப்பு!" என்று ஊர் கொக்கரித்தது. கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

நடிப்பா? பிறகு அண்ணையைச் சோதித்த யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னதைக் கேளுங்கள். நாம் வாசிக்கும்போது கண் வழுக்கி ஓடுவதில்லையாம். கரையில் நண்டு போல ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நிற்கும் அந்தக் கணத்தில்தான் எழுத்தைப் பிடிக்கிறது. பிடித்ததை மூளையின் பின்பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சொல்லை அறியும் இடத்துக்குப் போக வேண்டும். அண்ணையின் பின்மூளையில், இடப்பக்கத்தில், ஒரு இரத்தக்குழாய் அடைபட்டுவிட்டது. அதனால் வலப்பக்க உலகம் மறைந்தது. அடுத்த சொல்லும் அங்கேதானே இருக்கிறது! மிச்சக் காட்சி சொல்லிடம் போகும் வழியும் அறுந்தது. கண்ணில் குற்றமில்லை, நாவில் குற்றமில்லை, எழுதும் கையில் குற்றமில்லை. "தான் எழுதினதைத் தானே வாசிக்க ஏலாது" என்றார் டொக்டர்.

அப்படியானால் குற்றம் எங்கே? மூளையில் ஒரு நூலளவு இடம் கெட்ட மனிதரைப் பார்த்து, முழு மூளையும் உள்ள நாம் பாவி என்றோமே, அங்கே! கால் முறிந்தவனை ஓடு என்போமா? காற்றில்லாமல் பாய் விரி என்போமா? நெஞ்சு கொதிக்கிறது, ஐயா!

யாரைத் திட்டுகிறேன் என்று பார்க்கிறீர்கள். அன்று கோயிலில் பக்கத்தில் நின்று, "விடுங்கோ, நான் வாசிக்கிறன்" என்று அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியவன் நான்தான். ஊருக்குப் பிள்ளை படிப்பிக்கும் வாத்தியார்! அவருடைய விரல் புத்தகத்தின் ஓரத்தை விடவில்லை. நான் இழுத்தேன். அந்த வெட்கத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

இன்னொன்றும் டொக்டர் சொன்னார். எழுத்தின் வடிவத்தை விரலால் வரைந்தால், கையின் வழியாகச் சொல் போய்ச் சேரும். இரண்டு மாதமாக அண்ணை உள்ளங்கையில் ஒவ்வொரு எழுத்தாக வரைகிறார். ஆனா, ஆவன்னா தொடக்கம். வயது ஐம்பத்தாறு. எங்களில் எவருக்கு அந்தப் பொறுமை உண்டு?

அண்ணை, மேலே வாருங்கோ. வலப்பக்கம் படி இருக்கு, என்ர கையைப் பிடியுங்கோ. இதோ, நீங்கள் றோஸ் அக்காவுக்கு எழுதிய கடிதம். உறை இன்னும் பிரிபடவில்லை. நான் பிரிக்க மாட்டேன், வாசிக்கவும் மாட்டேன். ஒருமுறை பிடுங்கியது போதும். நீங்களே பிரித்து, விரலால் வரைந்து வாசியுங்கோ.

றோஸ் அக்கா, எழும்பிப் போகாதேங்கோ. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வரும், நேரம் எடுக்கும். இருந்து கேளுங்கோ. கேட்ட பிறகும் உங்கட மகனுக்கு மாக்கிறேற் வேண்டாமென்றால், இந்தச் சபை முன்னே சொல்லுங்கோ.

பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. நான் பேசியது சுட்டிருந்தால் அதற்கும் வணக்கம். இனி ஒருவரும் கைதட்ட வேண்டாம். அவருடைய விரல் அசையத் தொடங்கிவிட்டது.