முழங்கை மஞ்சள்

நல்லா இருந்த எங்கண்ணன எங்கண்ணி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயி சீக்காளி ஆக்கிட்டா. சொன்னியா இல்லியா, புஷ்பம்? கோலா சிலாங்கூர் மார்க்கெட்டுல மீன்காரன் முன்னால சொல்லத் தெரிஞ்சுச்சில்ல, இப்ப உன் வீட்டுக்கே வந்திருக்கேன், என் மூஞ்சியப் பாத்து சொல்லு. கோப்பியெல்லாம் கலக்காத. உக்கார வரல.

ஆமா, நான் கான்வென்ட்டுல படிச்ச திமிருதான். அந்தத் திமிரு இல்லாட்டி உங்கண்ணன் கண்ணோரத்து மஞ்சத் திட்ட இன்னமும் ராசின்னு சொல்லிக்கிட்டுத் திரிவாரு. உங்கப்பாவுக்கும் அதே ராசிதானே? எஸ்டேட்டுல ரப்பர் பால் நிறுக்கிற எடத்துல வாளியோட சாஞ்சாரு, நாப்பதுகூட ஆவல. செய்வினைன்னீங்க. உங்க சித்தப்பா போனாரு, அதுவும் செய்வினை. ஏன் லா, உங்க குடும்பத்துக்கு வைக்கிறதத் தவிர ஊருல எவனுக்கும் வேற வேலையே இல்லியா?

என்ன பெருசா செஞ்சிட்டாங்க கோலாலம்பூர்ல? கத்தி வச்சாங்களா? கழுத்துல கொழகொழன்னு எதையோ தடவி, சோப்புக்கட்டி மாதிரி ஒண்ண வச்சு நவுத்துனாங்க. பக்கத்துல சின்ன டிவி. அதுல அவரு ரத்தக்குழாய் தெரியுது. உள்ளுக்குள்ள ஓரமா கொழுப்பு அப்பிக்கிட்டு கெடக்கு. கோப்பையில கட்டிப்பால் ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதே மாதிரி இருக்கு டாக்டர்னாரு உங்கண்ணன். டாக்டர் சிரிக்கல.

என்னது? என் சமையலா? வாய அலம்பிட்டுப் பேசு. என் எண்ணச் சட்டியில வந்ததில்லம்மா, பொறக்கும்போதே ரத்தத்துல வந்தது. உங்க வீட்டு ரத்தம். கூடப் பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாரும் வந்து பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு. தாய் தகப்பன் ரெண்டு பக்கமும் இருந்தா, புள்ளைக்குச் சின்ன வயசுலயே குழாய் அடைச்சிக்குமாம். நீ யாரக் கட்டியிருக்க? சொந்த அத்த மவன.

கதவக் காட்டுறியா? போறேன். எனக்கும் இங்க நிக்க ஆசையில்ல.

கங்கா சடங்குல, மாமன் பொண்டாட்டின்னு நாந்தானே உம் மவளுக்கு மஞ்சத் தண்ணி ஊத்துனேன்? நீ வாசல்ல பந்தல்காரங்கூட சண்ட போட்டுக்கிட்டு இருந்த. நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனதும் கழுத்து, காலு எல்லாம் மஞ்சள் போயிடுச்சு. ரெண்டு முழங்கையில மட்டும் போவல. ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சி நாரப் போட்டுத் தேச்சேன். வலிக்குது அத்தைன்னா. கட்டி கட்டியா கையில தட்டுப்பட்டுச்சு. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. போன வாரம் அந்த டாக்டர் உங்கண்ணன் முழங்கையத் திருப்பி, இதே மஞ்சக் கட்டியத் தடவிப் பாத்தாரு.

சைக்கிள் சத்தம் கேக்குது. ஸ்கூல் விட்டு வந்துட்டா போல.

அவள இங்க கூப்புடு. கைய மடக்கிக் காட்டச் சொல்லு.

கூப்புடு, புஷ்பம்.