கண்ணாடியில் எழுதியவன்

ஆப்பிள் மூச்சு விடும். சொன்னால் பலர் சிரிப்பார்கள். பறித்த பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டே பழுக்கும், பிறகு அழுகும். அதனால் எங்கள் கிடங்கில் பெட்டிகளை அடுக்கி, கதவை இறுக மூடி, நைட்ரஜனை உள்ளே விட்டு ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடுவோம். பழம் தூங்கிவிடும். அடுத்த பருவத்தில் எடுத்தாலும் அன்று பறித்தது போல மொறுமொறுவென்று இருக்கும். சத்தமில்லாத, நல்ல வேலை. யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

நான் யோசித்ததெல்லாம் விஞ்ஞானக் கதைகள். எனக்குக் காட்சி வரும், கதை வராது. கடைசியாக வந்த காட்சி இது: விண்கலத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. உள்ளே, காற்று தீர்ந்துகொண்டிருக்கும் ஒருவன். கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியில் விரலால் எழுதுகிறான். வெளியே நிற்பவன் படிக்கிறான்.

என்ன எழுதினான்? அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டேன்.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, என்னோடுதான் வேலை செய்தான். நான்தான் சேர்த்துவிட்டேன். என் கதைகளுக்கு இருந்த ஒரே வாசகனும் அவன்தான். டீ வந்ததும் ஆரம்பித்துவிடுவான்.

“என்ன மாமா, உங்க ஆளு எழுதிட்டானா இல்லையா?”

“யோசிச்சுட்டு இருக்கான் மாப்ள.”

“அவனுக்குக் காத்து தீர்ந்தே போச்சு, நீங்க இன்னும் பேனா மூடியைக் கடிச்சுட்டு இருக்கீங்க. வேணும்னா நானே உள்ள போய் எழுதிட்டு வரட்டுமா?”

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்னது அவன்தான்.

நானும் முயலாமல் இல்லை. ‘காப்பாற்று’ என்று எழுத வைத்தேன். ‘அம்மா’ என்று எழுத வைத்தேன். மச்சினன் உதட்டைப் பிதுக்கினான். “நாடகம் மாதிரி இருக்கு மாமா. மூச்சு முட்டுறவன் இப்படியா எழுதுவான்?” நியாயமான கேள்வி.

எங்கள் கிடங்கின் கதவிலும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. உள்ளே போகிறவன் தன் தொப்பியை வெளியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். தொப்பி அங்கே தொங்கினால் கதவை மூடக் கூடாது. பக்கத்து ஆணியில், காற்று உருளையோடு ஒரு மாஸ்க் இருக்கும். உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தால், தூக்கப் போகிறவன் அதைப் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். பதறி அப்படியே ஓடினால் அவனும் விழுவான். மச்சினன் வேலைக்கு வந்த முதல் நாளே இதை ஒப்பிக்க வைத்தேன். கெட்டிக்காரன், மறக்கவே இல்லை.

அன்று விடுமுறை. கிடங்கில் நாங்கள் இருவர்தான். கடைசி வரிசையில் வெப்பமானியைப் பார்க்க அவன் உள்ளே போனான். நான் தொப்பியை எடுத்து அலமாரியில் வைத்தேன். கதவை மூடினேன். நைட்ரஜன் வால்வைத் திறந்தேன். உள்பக்கக் கைப்பிடி முந்தின வாரமே கழன்றிருந்தது, கழற்றியது நான்தான். விளக்கை மட்டும் அணைக்கவில்லை. பார்க்க வேண்டுமே.

முதலில் சிரித்தான். நாக்கைத் துருத்திக் காட்டினான். பிறகு கதவைத் தட்டினான். நான் வெளிக் கைப்பிடியைப் பிடித்து, திறக்க முடியாமல் திணறுவதுபோல் இழுத்தேன். மூடியது நான் என்று தெரிந்தால் கோபத்தில் எதையாவது எழுதிவைப்பான், காட்சி கெட்டுவிடும். அப்புறம் வெகு நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். அவ்வளவு நெருக்கமாக நான் யாரோடும் இருந்ததில்லை.

பிறகு கண்ணாடியில் ஊதினான். நான் வெளியிலிருந்து படிக்க வசதியாக, எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதினான்.

‘உள்ள வராதீங்க மாமா.’

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் இன்னும் நூறு வருடம் யோசித்திருந்தாலும் வந்திருக்காத வரி.

விபத்து என்றார்கள். கதையை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பத்திரிகை உடனே போட்டது. ஆசிரியர் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். என் மனைவி அன்றுதான் என் எழுத்தை முதல்முறையாகப் படித்தாள். “பஸ் கண்ணாடியில எனக்கு இப்படித்தான் திருப்பி எழுதிக் காட்டுவான். எனக்கு மட்டும்தான். நீங்க எங்க பாத்தீங்க?” என்றாள். பிறகு எழுந்து போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். இத்தனை வருடம் வீட்டிலேயே இப்படி ஒரு வாசகி இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஏன் கதவைத் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வர வேண்டாம் என்று அவனே எழுதிய பிறகு எப்படிப் போவது? அவன் பேச்சை நான் தட்டியதே இல்லை.

முழு வரியும் வேண்டுமா? சரி, எழுதிக்கொள்ளுங்கள். ‘மாஸ்க் போடாம உள்ள வராதீங்க மாமா.’ மாஸ்க் என் தோளுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. முதல் இரண்டு சொற்களைக் கதையில் வெட்டிவிட்டேன். படித்துப் பாருங்கள், அவை இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது.