ஆகஸ்டில் உரம்

ஹோஸ்டாவுக்கு உரமே போடாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது, அதிகாரி. நிழலில், இலை அழகுக்காகவே வளர்க்கும் செடி. மண் நன்றாக இருந்தால் தன்பாட்டுக்கு இலை விரிக்கும். போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் வசந்தத்தில், முளை மண்ணைக் கீறிக்கொண்டு வரும்போது, ஒரு கைப்பிடி. கோடை பாதி கடந்தபின் கூடவே கூடாது. மீறிப் போட்டால் இளந்தளிர் கிளம்பும், உறைபனி வந்து அதைக் கருக்கிவிடும். மினசோட்டாவில் பிறந்த எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டார்லீன் புல்க்ராபெக்கும் இங்கே பிறந்தவள்தான். கணவன் இறந்தபின் என் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். சிரித்தால் தெருவுக்கே கேட்கும். காப்பிச் சக்கை, மீன் கழுவிய தண்ணீர், கடையில் கண்ணில் பட்ட உரம், எல்லாம் செடிகளுக்குப் போகும். ஆகஸ்டிலும் போகும். எங்கள் ஊர் ஹோஸ்டா சங்கத்தின் நடுவர்களில் நான் மூத்தவன். வேலியோரம் நின்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

"ஆகஸ்ட்ல உரம் வேண்டாம் டார்லீன். செடி தூங்கப்போற நேரம்."

"தூங்கப்போறவங்களுக்குப் பால் குடுக்கிறதில்லையா, பேராசிரியரே? இந்தாங்க, இதை ஒரு வாய் சாப்பிடுங்க. வயித்தெரிச்சல் குறையும்" என்று புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக்கை வேலிக்கு மேல் நீட்டினாள்.

நான் பேராசிரியர் இல்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன். அது அவளுக்கும் தெரியும்.

போன ஜூலையில் இலைக் கண்காட்சியின் முதல் பரிசு அவளுக்குப் போனது. தீனி போட்டு ஊத வைத்த இலை. மற்ற இரண்டு நடுவர்களும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பெரிதாக இருப்பதெல்லாம் அழகு என்று நினைக்கும் ஆட்கள். அவள் நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டாள். "ஹார்லன் பக்கத்துல குடியிருக்கேன்ல, அதான் ஜெயிச்சேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அடுத்த மாதம், அவளுடைய பெரிய செடியின் அடியில் குளவிகள் மண்ணுக்குள் போய்வருவதைப் பார்த்தேன். குளவி கொட்டினால் அவள் உடம்பு தாங்காது. சமையலறை இழுப்பறையில் அதற்கான ஊசி மருந்து இருப்பதை வந்த புதிதிலேயே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரன் அல்லவா.

"இந்த வருஷ மழை சத்தையெல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அந்தப் பெரிய செடிக்கு மட்டும் இன்னொரு தடவை போடலாம். வேர்கிட்ட நல்லாக் கிளறிப் போடுங்க" என்றேன்.

"அடடே! கடைசில நம்ம வழிக்கு வந்துட்டீங்களே!"

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். உடனே மண்டியிட்டுக் கிளற ஆரம்பித்தாள். என் பேச்சை அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

குளவிகள் கிளம்பி மொய்த்தன. வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஹார்லன்... ஊசி..." என்றாள். முகம் அதற்குள் வீங்கியிருந்தது. போனேன். இழுப்பறையைத் திறந்ததும் மேலாகவே கிடந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். தொட்டியில் கழுவாத பாத்திரங்கள். மேசையெல்லாம் ரொட்டித்தூள். ஒரு மனுஷி இப்படியா வீடு வைத்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே என் பெயரைச் சொல்லும் குரல் நின்றது. இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு ஓடினேன். தெரு பார்த்தது அந்த ஓட்டத்தைத்தான்.

சாவுச் சடங்கில் போதகர் என் கையைப் பிடித்து அழுதார். அக்கம்பக்கத்தார் எனக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டேன். நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். நான் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் சங்கத்தில் கைதட்டி முடிவு செய்திருக்கிறார்கள், இனி இலைக் கண்காட்சிக்கு அவள் பெயராம். அந்தப் பெயரின் கீழ் உட்கார்ந்து என்னால் இலை பார்க்க முடியாது. அதனால்தான் வந்தேன்.

கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெறுப்பினால் என்று மட்டும் எழுதாதீர்கள். வெறுக்கும் அளவுக்கு அவளை நான் ஒருநாளும் மதித்ததில்லை.