ஐஸுக்கு மேலே லப்டொப்

“அப்பாவின்ரை மீன்பெட்டிக்குள்ளை ஐஸைப் பரப்பி, அதுக்கு மேலைதான் உங்கடை லப்டொப்பை வைச்சனான், அக்கா.”

வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீற்றில் இருந்த பெடியன் பக்கத்தில் இருந்த தன் அக்காவிடம் இதைச் சொன்னான். லப்டொப் பை அவன் மடியில் இருந்தது.

“ஐஸிலை ஏன்ரா வைச்சனி?”

“புரொசசரை அதின்ரை அளவுக்கு மேலை ஓட விட்டனான். அடிமூடியைக் கழட்டிச் செப்புத் தகடும் வைச்சுப் பாத்தன். அப்பிடியும் கொதிச்சது. ஐஸைப் பொலித்தீன் பையிலை கட்டித்தான் வைச்சனான். எண்டாலும் லப்டொப் உள்ளுக்கை வேர்த்துப்போச்சு. இப்ப உயிரில்லை.”

“வேகமாக்கித் தா எண்டு நான் கேட்டனானே?”

“கேக்கேல்லை. ஒரு வீட்டுப் பிளான் திறக்கிறதுக்குள்ளை நீங்கள் தேத்தண்ணி போட்டுக் குடிச்சும் முடிச்சிடுவியள். பிறகு வேலை முடியேல்லை எண்டு சாப்பிடாமல் இருந்து கீறுவியள். பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் கிடந்தது.”

பஸ் நீர்வேலி வாழைத்தோட்டங்களைத் தாண்டியது. அக்கா பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“திருத்துற கடையிலை நீ வாய் திறக்காதை. ஐஸ் கதையைக் கேட்டா உன்னைப் பகிடி பண்ணுவாங்கள். நான்தான் தேத்தண்ணியை ஊத்திப்போட்டன் எண்டு சொல்லுறன்.”