கீழே விழாத நாட்கள்

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். முதியோர் வார்டின் வாடை உங்களுக்குப் பழக்கமிருக்காது. மூத்திரமும் பவுடரும் புளித்த பாலும் கலந்தது. சீருடையில் ஏறினால் வீடுவரை கூடவே வரும். இருபத்தாறு வருடம் அதை முகம் சுளிக்காமல் சுவாசித்தவள் நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது ஒன்பதாம் கட்டில் தையல்காரரைப் பற்றி. எண்பத்திரண்டு வயது. நெஞ்சுச் சளிக்காகச் சேர்ந்தார்; வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்தார். மகளின் வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது.

"அப்பா படியேறிட்டா கூட்டிட்டுப் போயிடுவேன் சிஸ்டர். தூக்கிட்டு ஏற எனக்குத் தெம்பில்ல" என்றாள் அவள். தினமும் நடக்கவிட வேண்டும் என்று டாக்டரும் எழுதியிருந்தார்.

வார்டு வாசலில் ஒரு பலகை உண்டு. நோயாளி யாரும் கீழே விழாமல் கழிந்த நாட்களை அதில் நான் எழுதுவேன். அவர் வந்த அன்று இருநூற்றுப் பன்னிரண்டு. ஒருவர் விழுந்தாலும் மறுபடி பூஜ்யம். விளக்கக் கடிதம் வேறு. நாற்பது கட்டிலுக்கு நாங்கள் மூன்று பேர். விழாமலிருக்க ஒரே வழி, எழாமலிருப்பது.

வாக்கரையும் செருப்பையும் ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டினேன். கட்டிலின் இருபக்கக் கம்பிகளையும் ஏற்றினேன். கழிவறைக்குத் தானே போய்க்கொண்டிருந்தவருக்கு டயபர் கட்டினேன்.

"விழவே கூடாதுன்னா நான் பொறக்காமலே இருந்திருக்கணும் சிஸ்டர்" என்று சிரித்தார்.

"பேசாம படுங்க ஐயா. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

தரை துடைக்கும் ஆயா ஒருத்தி இருந்தாள். "அக்கா, கையப் பிடிச்சு ஜன்னல் வரைக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போறேனே. பாவம், கெஞ்சறாரு" என்று வந்து நின்றாள். கூடாது என்றேன். தன் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நாள் திருட்டுத்தனமாக நடக்க வைத்திருக்கிறாள்; தண்ணீரும் புகட்டியிருக்கிறாள். அவளைத் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

தண்ணீர் குடித்தால் டயபர் நனையும். நனைந்தால் எழப் பார்ப்பார்கள். அதனால் டம்ளரைக் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தேன். மாத்திரைக்கு இரண்டு மடக்கு. அவர் நாக்கு காய்ந்த தோல்போல் வெடித்திருந்தது.

பத்தாம் நாள் உட்காரக்கூட முடியவில்லை. தொடையில் சதை கரைந்து தோல் தொங்கியது. என்னை மகள் என்று நினைத்து, "வீட்டுக்குப் போலாமா பாப்பா?" என்றார். இன்னொரு நாள் அவரைப் புரட்டினேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். விரிப்பு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. அந்த நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். குறிப்பேட்டில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததாக எழுதியிருக்கும். என் கையெழுத்துதான்.

பதினெட்டாம் நாள் இறந்தார். பலகையில் இருநூற்று இருபத்தொன்பது.

"நடந்துதானே வந்தாரு எங்கப்பா?" என்று மட்டும் கேட்டாள் மகள்.

வாக்கரை ஒளித்தது நான். தண்ணீரைத் தள்ளி வைத்தது நான். பொய் எழுதியதும் நான். எதையும் மறுக்கவில்லை. அவள்மீதுதான் எனக்குச் சின்ன வருத்தம். பதினெட்டு நாளும் அவள் அப்பாவை ஒரு தடவைகூடக் கீழே விழவிடாமல் பார்த்துக்கொண்டேன்; ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.